தோட்டப்புறச் சிற்றூரில் ஐஸ்கிரீம் கடை வேலை: பள்ளி விடுமுறையில் முதன்முறையாகச் சேருவோருக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், லாபிஸ் போன்று ரப்பர்த் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் சூழ்ந்த ஊர்களில் ஐஸ்கிரீம் கடைக்கு ஆண்டு முழுதும் வியாபாரம் உண்டு. வெயிலும் புழுக்கமும் நமக்கு எல்லா மாதமும்தான். ஆனால் பள்ளி விடுமுறை வந்தால் கூட்டம் இரட்டிப்பாகும், முதலாளிக்குக் கூடுதலாக ஓர் ஆள் தேவைப்படும். படிவம் ஐந்தின் எஸ்பிஎம் தேர்வை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும், படிவம் நான்கு முடித்து ஆண்டிறுதி விடுமுறையில் இருப்பவர்களும் வாழ்க்கையில் முதல் சம்பளத்தை வாங்குவது பெரும்பாலும் இப்படிப்பட்ட கடைகளில்தான். பஸ் நிலையத்தின் ஓரத்திலோ மார்க்கெட்டுக்கு எதிரிலோ ஒரு கான்வாஸ் கூரை, இரண்டு ஃபிரீசர், ஐஸ் துருவும் இயந்திரம் ஒன்று, நான்கைந்து பிளாஸ்டிக் மேசை என்று இருக்கும் சிறிய கடையை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

ஐஸ்கிரீம் கரண்டியைப் பிடிக்க ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். பொறுமையாகப் பழக வேண்டியவை இரண்டு. சரக்கின் குளிரைக் கடைசிவரை காப்பது ஒன்று. எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்களாக இருக்கும் ஊரில், உறவையும் பழக்கத்தையும் மதித்துக்கொண்டே வேலையை வேலையாகச் செய்வது மற்றொன்று. இரண்டாவதுதான் கடினமானது என்பது, பல ஆண்டுகளாக விடுமுறைப் பிள்ளைகளை வேலைக்கு வைத்துவரும் எனது கருத்து. அது வேலையில் சேரும் முன்பே தொடங்கிவிடுவதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்

சிற்றூரில் கடை முதலாளி பெரும்பாலும் அப்பாவின் நண்பராகவோ, அதே தோட்டத்தில் பக்கத்து லயத்தில் வளர்ந்தவராகவோ, கோயில் நிர்வாகத்தில் இருப்பவராகவோ இருப்பார். வீட்டில், "நம்ம அங்கிள்தானே, பார்த்துக் கொடுப்பார், போய்ச் சேர்ந்துக்கோ" என்று அனுப்பிவிடுவார்கள். பிள்ளையும் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு சேர்ந்துவிடும். மாதக் கடைசியில், எதிர்பார்த்த தொகை ஒன்று, கைக்கு வந்த தொகை வேறொன்று என்றாகும்போது, சண்டையும் போட முடியாமல் சும்மாவும் இருக்க முடியாமல் இரு குடும்பங்களும் மனம் கசந்து போகும். இது நல்ல முதலாளிகளின் கடைகளில்கூட நடக்கிறது. யாரும் ஏமாற்ற நினைக்காமலேயே நடக்கிறது. ஆகவே அம்மாவையோ அப்பாவையோ உடன் அழைத்துப் போய், முதல் சந்திப்பிலேயே மரியாதையாகக் கேட்டுவிடுங்கள்: "அங்கிள், ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு, எத்தனை மணிக்கு முடியும், சம்பளம் என்றைக்குக் கிடைக்கும்?" நேர்மையான முதலாளி இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். நானாக இருந்தால், இப்படிக் கேட்கும் பிள்ளையைத்தான் கல்லாவுக்கு முதலில் பழக்குவேன்.

கேட்பதற்கு முன், சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். 1966ஆம் ஆண்டின் சிறார், இளையோர் வேலைச் சட்டம் 2019இல் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, 15 வயது நிறைந்து 18 வயது நிறையாதவர்களை இளையோர் என வகைப்படுத்துகிறது. கடை வேலையில் இளையோரை ஒரு நாளில் 7 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. பள்ளி நாளாக இருந்தால், பள்ளி நேரத்தையும் வேலை நேரத்தையும் கூட்டினால் 8 மணியைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய வைக்கக் கூடாது. இடையில் குறைந்தது 30 நிமிட ஓய்வு வேண்டும். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை வேலையே கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் நம் ஊர்களில் அதிகம் மீறப்படுகிறது. ஏனெனில் பகலில் நிரந்தரக் கடை நடத்தும் முதலாளிகள் பலர் வாரத்தில் ஒரு மாலை பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையிலும் கடை போடுகிறார்கள், அங்கே கூட்டம் சூடுபிடிப்பதே 8 மணிக்குத்தான். உங்களுக்கு 17 வயது என்றால் அந்த இரவு வேலைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். பகல் வேலைக்கு நான் சொல்லும் கணக்கு எளிமையானது: நண்பகல் 12 மணிக்குத் தொடங்கி, 3 மணிக்கு அரை மணி நேரம் ஓய்வெடுத்து, 7.30க்கு முடித்தால் சரியாக 7 மணி நேரம் வரும். மாலைக் கூட்டம் தொடங்கும் முன் நீங்கள் சாப்பிட்டும் இருப்பீர்கள்.

சம்பளத்தைப் பொறுத்தவரை, குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் என்பது 2025 ஆகஸ்டு 1 முதல், ஐந்து பேருக்குக் குறைவான ஆட்களை வைத்திருக்கும் சிறு கடைகளுக்கும் பொருந்துகிறது. மணிக் கணக்கில் அது 8 ரிங்கிட் 72 சென். 7 மணி நேர வேலைக்கு 61 ரிங்கிட் 4 சென் வர வேண்டும். மத்தியானச் சாப்பாடும் வயிறார ஐஸ்கிரீமும் கொடுப்பது முதலாளியின் அன்பு. அதைச் சம்பளத்தில் கழிக்கும் பேச்சு வந்தால், பணிவாக, ஆனால் தெளிவாக மறுத்துவிடுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை என்றால், 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வழக்கறிஞரெல்லாம் தேவையில்லை, ஒரு தாளில் உங்கள் பெயர், அடையாள அட்டை எண், என்ன வேலை, மணிக்கு எவ்வளவு, சம்பள நாள், ஓய்வு நாள், தொடங்கும் தேதி, முடியும் தேதி ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொண்டால் போதும். முடியும் தேதியை மறக்காமல் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது இல்லாமல் போனால், விலகும்போது எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்ற கேள்வி எழும். ஒப்பந்தத்தில் எதுவும் சொல்லப்படாவிட்டால், இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்குச் சட்டம் வைத்திருக்கும் காலம் நான்கு வாரம். பள்ளி திறக்கும் நேரத்தில் அந்தச் சிக்கல் உங்களுக்கு வேண்டாம்.

தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்க்கேசோவில் பதிந்துவிடும்படியும் கேளுங்கள். வேலையிடத்து விபத்துக்கு மட்டுமன்றி, வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்துக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. தோட்டத்திலிருந்து டவுனுக்கு மோட்டார் சைக்கிளில் வருகிற பிள்ளைகளுக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதைச் செம்மண் சாலையில் லோரிக்குப் பின்னால் ஓட்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள். 16 வயதில் மோட்டார் சைக்கிளுக்கான பி2 உரிமம் எடுக்கலாம்; அது கைக்கு வரும்வரை வீட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து விடட்டும்.

ஊசியும் பயிற்சியும்

2009ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிமுறைகள், உணவைக் கையாளும் எவரும் உணவுக் கையாளுநர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்கின்றன. விடுமுறைக்கு மட்டும் வருகிறவர் என்ற விலக்கு ஏதும் இல்லை. ஊசியின் பாதுகாப்பு உடம்பில் உருவாகச் சுமார் இரண்டு வாரம் ஆகும் என்பதால், தேர்வு முடிந்த கையோடு டவுனில் உள்ள கிளினிக்கில் போட்டுக்கொண்டு அட்டையை வாங்கிவிடுங்கள். அது மூன்றாண்டுகளுக்குச் செல்லும். பிறகு கல்லூரிக் காலத்தில் உணவகத்தில் பகுதிநேர வேலைக்குப் போனாலும் அதே அட்டை உதவும். செலவை யார் ஏற்பது என்பதையும் முதல் சந்திப்பிலேயே பேசிவிடலாம்.

முதல் நாள், கடை திறக்கும் முன்

தலைமுடியை மூடும் தொப்பி அல்லது துணி, ஏப்ரன், விரல்களை மூடும் காலணி ஆகியவை கட்டாயம். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம் வேண்டாம். கோயிலில் கட்டிய மஞ்சள் கயிறோ சிவப்புக் கயிறோ மணிக்கட்டில் இருந்தால், அது நாள் முழுதும் பாலிலும் பாகிலும் நனைந்து அழுக்கைப் பிடித்துவைக்கும். நேர்த்திக்காகக் கட்டியதை அவிழ்க்கச் சொல்ல எனக்கு மனம் வராது. முதலாளியிடம் சொல்லி, அது இருக்கும் நாள்களில் கல்லாவையோ மேசைகளையோ பார்த்துக்கொள்ளும் வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்தால் வேலைக்கு வரக் கூடாது. நின்ற பிறகும் இரண்டு நாள் உணவைத் தொடாமல் இருப்பது நல்லது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டி, அதன் மேல் கையுறை அணியுங்கள்.

வந்தவுடன் சோப்புப் போட்டு இருபது வினாடி கை கழுவுங்கள். பிறகு முதல் வேலை ஃபிரீசரில் உள்ள வெப்பமானியைப் பார்ப்பது. சரக்கு வைக்கும் ஃபிரீசர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். எடுத்துப் பரிமாறும் ஃபிரீசர் மைனஸ் 12 முதல் மைனஸ் 15 வரை இருந்தால்தான் கரண்டி இறங்கும். பார்த்த எண்ணை நேரத்தோடு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். கடையில் அந்த வழக்கம் இல்லையென்றால் நீங்களே ஒரு நோட்டு வாங்கித் தொடங்குங்கள்.

இதில் நான் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறேன் என்பது ஐஸ்கிரீம் எதனால் ஆனது என்று அறிந்தால் விளங்கும். கொழுப்பு, சீனிக் கரைசல், கண்ணுக்குத் தெரியாத பனித்துகள், காற்று ஆகிய நான்கும் சேர்ந்து உறைந்த நுரை அது. கடைகளுக்கு வரும் சாதாரண வகைகளில் கன அளவில் ஏறக்குறைய பாதி காற்றுதான். பல வகைகளில் பால்கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை போன்ற தாவரக் கொழுப்பைச் சேர்க்கிறார்கள். நம் பெற்றோர் வெட்டித் தள்ளிய குலைகளின் எண்ணெய் இந்த டப்பாவுக்குள்ளும் வந்து சேர்ந்திருக்கலாம் என்று நினைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். வெப்பம் ஏறினால் நுரை உடைந்து காற்று வெளியேறும், சிறு பனித்துகள்கள் உருகி ஒன்று சேரும். மீண்டும் உறைந்தால் அவை பெரிய கட்டிகளாகிவிடும். நாக்கில் மணல்போல நெருடும். அதைவிடப் பெரிய கவலை, உருகியிருந்த நேரத்தில் கிருமி பெருகியிருக்கலாம் என்பது. மறுபடி உறைவதால் அது சாகாது. ஆகவே காலையில் ஒவ்வொரு டப்பாவையும் திறந்து பாருங்கள். மேற்பரப்பு குழிவிழுந்து அமுங்கியிருந்தாலோ, மூடியின் உட்புறம் தடித்த பனி படிந்திருந்தாலோ, டப்பாவின் விளிம்பில் பிசுபிசுப்பாக வழிந்து உறைந்த தடம் இருந்தாலோ அதை விற்கத் தொடங்காமல் முதலாளியிடம் காட்டுங்கள். வீசுவதா வேண்டாமா என்ற முடிவு அவருடையது. காட்ட வேண்டியது உங்கள் கடமை.

புதிய டப்பாவை அடியிலும் பழையதை மேலும் வையுங்கள். ஃபிரீசரின் உட்சுவரில் உள்ள சரக்கு எல்லைக் கோட்டுக்கு மேல் அடுக்காதீர்கள். அதற்கு மேல் இருப்பது எப்போதும் பாதி உருகியே கிடக்கும்.

கரண்டி வேலை

புதியவர்கள் எல்லாரும் டப்பாவின் நடுவில் குழி தோண்டுகிறார்கள். மணிக்கட்டும் வலிக்கும், உருண்டையும் உடையும், சுற்றிலும் நிற்கும் சுவர் காய்ந்து பனிபிடித்து வீணாகும். ஓரத்தில் தொடங்குங்கள். கரண்டியின் விளிம்பு மட்டும் மேற்பரப்பில் பதியுமாறு சாய்த்துப் பிடித்து, உங்களை நோக்கி நீளமாக, அழுத்தாமல் இழுங்கள். ஐஸ்கிரீம் மெல்லிய பட்டையாக எழும்பித் தானே சுருண்டு கரண்டிக்குள் உருண்டையாகும். அடுத்த உருண்டையை அதன் பக்கத்திலிருந்து எடுங்கள். இப்படி எடுத்தால் டப்பா அடிவரை மட்டமாகவே இறங்கும். கரண்டிக்குள் வைத்து அமுக்கினால் காற்று வெளியேறி, ஒரே அளவு உருண்டைக்கு அதிகச் சரக்கு போகும். மாலைக்குள் டப்பா ஏன் சீக்கிரம் தீர்ந்தது என்று முதலாளி கேட்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். ஓர் உருண்டை எத்தனை கிராம் என்று அவரிடம் கேட்டு, முதல் சில உருண்டைகளைத் தராசில் வைத்துப் பார்த்துக் கையைப் பழக்குங்கள்.

கரண்டியைத் தண்ணீரில் நனைத்தால் நன்றாக உதறிவிட்டுத்தான் டப்பாவுக்குள் கொண்டுபோக வேண்டும்; சொட்டும் தண்ணீர் உருண்டையின் மேல் பனித்தோலாக உறைந்துவிடும். கரண்டி ஊறும் தண்ணீர் நம் வெயிலில் சீக்கிரமே பாலும் சீனியும் கலந்த வெதுவெதுப்பான குழம்பாகிவிடும், கிருமிக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஓடும் தண்ணீர் இல்லாத கடையில் அரை மணிக்கு ஒருமுறையாவது கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுங்கள், அல்லது இரண்டு மூன்று சுத்தமான கரண்டிகளை உலர்வாக வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். டுரியான் டப்பாவுக்குத் தனிக் கரண்டி வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

கோன் நம் ஈரக்காற்றில் சில நிமிடத்தில் நமுத்துப்போகும். காற்றுப் புகாத டின்னில் வைத்து, தேவைப்படும்போது ஒன்றொன்றாக எடுங்கள். அடியில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, டிசுத் தாளைச் சுற்றி, உருண்டையை விளிம்பில் மெதுவாக அமரவைத்து மட்டும் விடுங்கள். சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கும்போது அதன் விரல்கள் கோனைப் பிடித்துக்கொண்ட பிறகே உங்கள் கையை எடுங்கள்.

ஐஸ் கச்சாங், செண்டோல்

துருவிய ஐஸில் செய்யும் இந்த இரண்டின் முறையும் கடைக்குக் கடை மாறும். முதலாளியின் கையைப் பார்த்துத்தான் பழக வேண்டும். ஐஸ் கச்சாங்கில் பொதுவாக அவித்த சிவப்புப் பயறு, சின்சாவ் (கறுப்பு ஜெல்லி), அத்தாப் சீ (நீப்பா பனை நுங்கு), சோளம் அடியில் போகும். அதன் மேல் துருவிய ஐஸ், பிறகு ரோஸ் பாகு, குலா மலாக்கா எனும் பனைவெல்லப் பாகு, பால், கடைசியில் வேர்க்கடலை. ஐஸைக் கொஞ்சம் அணைத்துக் குவிக்காவிட்டால் பாகு பட்டவுடன் உட்கார்ந்துவிடும். வாடிக்கையாளர் மேசைக்குப் போவதற்குள் கிண்ணம் பாதியாகிவிடும். ஐஸ் துருவும் இயந்திரத்தைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று காட்டித் தந்த பிறகே தொடுங்கள். ஐஸ் சிக்கிக்கொண்டால் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே கையைக் கொண்டுபோங்கள், எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் சரி. செண்டோலுக்கான தேங்காய்ப்பால் மிக விரைவில் கெடும். அதைச் சிறு சிறு கலயங்களாகப் பிரித்துக் குளிர்பெட்டியிலேயே வைத்து, தேவைப்படுவதை மட்டும் வெளியே எடுங்கள்; இரண்டு மணி நேரம் வெளியே நின்றதை மறுபடி உள்ளே வைக்காதீர்கள்.

வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகள்

வெள்ளிக்கிழமையும் புரட்டாசி மாதமும் தைப்பூச விரத நாள்களும் வந்தால், "தம்பி, இதுல முட்டை கலந்திருக்கா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். சில ஐஸ்கிரீம் வகைகளில் முட்டை உண்டு. ஜெலட்டின் சேர்ந்தவையும் உண்டு, அது விலங்கிலிருந்து எடுக்கப்படுவது. அகார் அகார் கடற்பாசியிலிருந்து வருவது, அதில் தடையில்லை. முஸ்லிம் வாடிக்கையாளர்கள் ஹலால் முத்திரையைப் பற்றிக் கேட்பார்கள். ஆகவே ஓய்வாக இருக்கும் முதல் மதியத்தில் எல்லா டப்பாக்களின் லேபிளையும் படித்து, எதில் முட்டை, எதில் ஜெலட்டின், எதில் கடலை, எதில் ஜாக்கிமின் ஹலால் முத்திரை என்று ஒரு தாளில் எழுதி ஃபிரீசரின் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள். தெரியாததற்கு, "பார்த்துச் சொல்கிறேன்" என்று பதில் சொல்லி, உண்மையிலேயே பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். விரதம் இருப்பவர் உங்கள் வார்த்தையை நம்பித்தான் வாயில் வைக்கிறார். கடலை ஒவ்வாமை உள்ளவர் என்றால் அது உயிர்ப் பிரச்சினை. கடலை தூவிய கரண்டி பட்ட எதையும் கொடுக்கக் கூடாது.

"கூராங் மானிஸ்" (இனிப்பு குறைவாக) என்று சொல்லும் பெரியவர்கள் பலர் நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள். பாகைக் குறைக்கச் சொன்னால் உண்மையாகவே குறைத்து ஊற்றுங்கள்.

இன்று நம் தோட்டங்களில் வேலை செய்வோரில் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளிகள் நிறையப் பேர். ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு வரும்போது அவர்களும் உங்கள் கடைக்கு வருவார்கள். விலையை மலாயில் தெளிவாகச் சொல்லுங்கள், விரலாலும் காட்டுங்கள். நம் பாட்டிக்குக் கொடுக்கும் அதே மரியாதையை அவர்களுக்கும் கொடுங்கள். நம் முன்னோர்களும் இதே தோட்டங்களுக்குப் பிழைக்க வந்தவர்கள்தான்.

கல்லா

காலையில் கல்லாவில் போடும் சில்லறையை முதலாளியோடு சேர்ந்து எண்ணி, தொகையை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அவருக்கு இது பழக்கமில்லாததாகத் தோன்றலாம், ஆனால் மாலையில் கணக்கு இடித்தால் இருவருக்கும் ஆதாரம் அதுதான். பணம் வாங்கியதும் தொகையை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "அம்பது ரிங்கிட் கொடுத்திருக்கீங்க." மிச்சத்தை எண்ணிக் கொடுத்து முடிக்கும்வரை அந்த நோட்டைக் கல்லாவுக்குள் தள்ளாமல் மேலேயே குறுக்காக வையுங்கள். மாலை வெளிச்சம் குறைந்த பிறகு பச்சை நிற 5 ரிங்கிட்டும் நீலப்பச்சை நிற 50 ரிங்கிட்டும் ஒன்றுபோல் தெரியலாம். கண்ணை மட்டும் நம்பாமல் விரலால் தடவிப் பாருங்கள். 5 ரிங்கிட் நோட்டு பிளாஸ்டிக் போல வழுக்கும், 50 ரிங்கிட் நோட்டு தாள்போலச் சொரசொரக்கும். அதற்கும் கை உலர்ந்திருக்க வேண்டும். பணத்தைத் தொட்ட கையோடு கோனை எடுக்கவே கூடாது. இருவர் இருந்தால் ஒருவர் பணத்துக்கு, ஒருவர் கரண்டிக்கு. ஒருவரே என்றால் ஒவ்வொரு முறையும் கை கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை.

டூயிட்நவ் கியூஆர் வழி பணம் செலுத்துவோர் போன் திரையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்தத் திரை பழைய படமாகவும் இருக்கலாம். கடையின் போனில் பணம் வந்த அறிவிப்பைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள். ஒட்டியிருக்கும் கியூஆர் தாளின் மேல் வேறு யாரும் தாள் ஒட்டவில்லை என்பதையும் தினம் காலையில் உங்கள் போனால் ஸ்கேன் செய்து, முதலாளியின் பெயர் வருகிறதா என்று பார்த்து உறுதிசெய்யுங்கள்.

இனி, நான் முதலில் சொன்ன கடினமான பகுதி. பள்ளித் தோழர்கள் வந்து நிற்பார்கள், "ஒரு உருண்டை கூடப் போடுடா" என்பார்கள். மாமா முறை ஆகிறவர் சாப்பிட்டுவிட்டு, "சம்பளம் வந்ததும் தர்றேன், எழுதி வை" என்பார். மறுத்தால் உறவு கெடுமோ என்று உங்களுக்குத் தோன்றும். இதற்கு ஒரே வழி, முடிவெடுக்கும் அதிகாரம் உங்களிடம் இல்லை என்பதை முதல் நாளிலிருந்தே எல்லாருக்கும் தெரியும்படி வைத்துக்கொள்வது. "மாமா, கடன் கணக்கு முதலாளிதான் பார்க்கிறார், நான் அவரைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டால் போதும், பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே காசை எடுத்துவிடுவார்கள். நண்பருக்கு வாங்கிக்கொடுக்க ஆசையாக இருந்தால் உங்கள் காசைக் கல்லாவில் போட்டுவிட்டு மகிழ்ச்சியாக வாங்கிக் கொடுங்கள். சின்னஞ்சிறு பிள்ளை உள்ளங்கையில் வியர்த்த சில்லறையை விரித்துக் காட்டும். அதில் 20 சென் குறையும். அப்படி நேரும்போது என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே முதலாளியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான முதலாளிகள் விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள். அந்தப் பிள்ளையின் முறை வரும்போது, பின்னால் நிற்கும் பெரியவர் கையை நீட்டினாலும், பிள்ளைக்கே முதலில் கொடுங்கள்.

சம்பள வாரமும் மழை நாளும்

சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். ஆகவே மாதத்தின் 7ஆம் தேதியை ஒட்டிய சனி, ஞாயிறுகளில் தோட்டத்துக் குடும்பங்கள் டவுனுக்கு வரும். மளிகை, கடன், பள்ளிச் செலவு எல்லாம் முடித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்க உங்கள் கடைக்கு வருவார்கள். அந்த இரு நாள்களுக்கு முந்தின மாலையே கோன், கிண்ணம், டிசு, சில்லறை எல்லாவற்றையும் இரட்டிப்பாக எடுத்துவைக்கச் சொல்லி முதலாளிக்கு நினைவூட்டுங்கள். கூட்டத்தில் ஃபிரீசர் மூடியைத் திறந்தே வைக்கும் பழக்கம் தொற்றிக்கொள்ளும். மூன்று பேருக்கு உரியதைக் கேட்டுவிட்டு, ஒருமுறை திறந்து, எடுத்து, மூடுங்கள். நீங்களும் தண்ணீர் குடியுங்கள்.

பிற்பகலில் இடியோடு மழை பிடித்துக்கொண்டால், தரையில் கிடக்கும் மின்சார நீட்டிப்பு வயரை ஈரம் படாத உயரத்தில் தூக்கி வைப்பது முதல் வேலை. தண்ணீர் ஏற்கெனவே தொட்டிருந்தால் நீங்கள் தொடாமல் பெரியவரை அழையுங்கள். மின்சாரம் போய்விட்டால் விற்பனையை நிறுத்தி ஃபிரீசர்களை மூடியபடியே விடுங்கள், எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும் திறக்க வேண்டாம். போன நேரத்தை நோட்டில் எழுதுங்கள். தெனாகா நேஷனலுக்கு 15454 என்ற எண்ணில் தெரிவிக்கலாம். மின்சாரம் திரும்பியதும் காலையில் செய்த அதே டப்பாச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

கடை மூடுவதும் சம்பளம் வாங்குவதும்

மூடும் நேரத்தில் உடம்பு களைத்திருக்கும், கை தானாக அவசரப்படும். கரண்டிகள், ஐஸ் இயந்திரத்தின் கழற்றக்கூடிய பாகங்கள், பால் பட்ட கலயங்கள் எல்லாவற்றையும் சோப்பில் கழுவி, கவிழ்த்து உலரவைக்க வேண்டும். ஈரத்துணியால் துடைத்து வைப்பது கழுவியதாகாது. ஒவ்வொரு டப்பாவின் விளிம்பையும் துடைத்து, மேற்பரப்பை மட்டமாக்கி, இறுக மூடி, பரிமாறும் ஃபிரீசரில் மிஞ்சியதைச் சரக்கு ஃபிரீசருக்கு மாற்றுங்கள். ஃபிரீசரின் பிளக்கை வேறு எதற்கும் பிடுங்கவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். தரை துடைக்கும்போது யாரோ கழற்றிவிட்டு மறந்த பிளக், முழு இரவின் சரக்கையும் அழித்துவிடும். கல்லாவை முதலாளியோடு எண்ணுங்கள். குறைந்தால், எவ்வளவு குறைந்தது என்று அன்றே எழுதுங்கள். சம்பளத்திலிருந்து எதையெல்லாம் கழிக்கலாம் என்பதைச் சட்டம் வரையறுத்திருக்கிறது. உடைந்த கிண்ணத்துக்கும் குறைந்த சில்லறைக்கும் முதலாளி தன் விருப்பப்படி பிடித்துக்கொள்ள முடியாது.

நீங்கள் வேலை செய்த நாளையும் நேரத்தையும் உங்கள் சொந்த நோட்டில் எழுதிவாருங்கள். சம்பள நாளில் அந்தக் கணக்கையும் முதலாளியின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, விவரத் தாள் வாங்கிக்கொள்ளுங்கள். வித்தியாசம் இருந்தால் அமைதியாகக் காட்டுங்கள்; பெரும்பாலும் அது மறதியாகவே இருக்கும். பேசியும் தீராவிட்டால், உங்கள் மாவட்டத்துத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் பெற்றோருடன் சென்று முறையிடலாம்.

விலகுவதற்கு ஒரு வாரம் முன்பு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்ன வேலை செய்தீர்கள் என்று ஒரு கடிதம் எழுதித் தரும்படி முதலாளியிடம் கேளுங்கள். அதையும் ஒப்பந்தத் தாளையும் ஊசி அட்டையையும் பயிற்சிச் சான்றிதழையும் ஒரே கோப்பில் போட்டு, எஸ்பிஎம் சான்றிதழ் வரும்போது அதையும் அதிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.